ஆவுடை பிள்ளையைக் கொடுத்த கிணற்றடி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் கையெழுத்தைத் தமிழில் போடுவேன். சம்பளம் வாங்கிய காலம் முழுக்கத் தமிழில்தான் போட்டேன். இங்கிலீஷில் போடச் சொல்லிச் சண்டை பிடித்த கிளார்க்குகள் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போனார்கள். சண்முகத்தாயின் கையெழுத்து மாறவில்லை. இதையும் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் மகள் திருத்துவாள். எழுத்தை மட்டும் திருத்து, கதையைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் செம்பூரில் என் மகள் வீட்டுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கிறவர்கள். குடும்பத்தில் நடந்தவற்றைப் பெரியவர்கள் சின்னவர்களிடம் பேசினால் மனசுக்கு நல்லது என்று ஆராய்ச்சி எல்லாம் வந்திருக்கிறதாம். அதைப் பற்றி வார்டு ஆட்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறார்களாம். அதில் ஒருத்தி தாராவித் தமிழ்ப்பெண். “ஆண்ட்டி, உங்க டைம்ல இதெல்லாம் இருந்துச்சா?” என்று கேட்டாள்.

இருந்ததா என்றா கேட்கிறாய் மகளே? காப்பியைக் குடி, எழுதித் தருகிறேன் என்றேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் நான் தாராவியில் குடியிருந்தேன். மாதுங்காவில் ஒரு ஆபீசர் வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அந்த வீட்டு அம்மாதான் சொன்னார்கள். பெட்பான், பெட்ஷீட், பினாயில், இதுதான் என் படிப்பு. படிப்பு முடிந்ததும் யார் எந்த வார்டு என்று பிரித்தார்கள். மனநோய் வார்டு என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் போகிறேன் என்றேன். அங்கே மாடி ஏற வேண்டாம் என்பதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் அன்றைக்கு எனக்குக் கிடையாது.

அந்த வார்டின் சிஸ்டர் வசாய் என்ற ஊர்ப் பக்கத்து மராத்திக் கிறிஸ்தவப் பெண்மணி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இடுப்பில் சாவிக்கொத்து. அவர்கள் நடந்தால் அது குலுங்கும். குலுக்கல் சத்தம் நின்றுவிட்டால் வார்டில் யாரோ தப்புச் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சிஸ்டர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ‘பாகல்’ என்ற சொல்லை, அதுதான் பைத்தியம் என்பதற்கு இந்தி, வார்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் வெளியே போக வேண்டும். கதவைச் சாத்தி, தட்டி, மறுபடி உள்ளே வர வேண்டும். “அந்த வார்த்தையை வெளியே விட்டுவிட்டு வா” என்பார்கள், அவ்வளவுதான். நோயாளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது. மற்றபடி தோபிக்கும் உண்டு, ஆர்டர்லிக்கும் உண்டு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு சின்ன டாக்டர் முதல் நாளிலேயே வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு வந்தார். நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம்.

தலை வாரிவிடுவது என் வேலை. டாக்டர் ரவுண்டு வருமுன் வார்டில் ஒரு பெண்கூடத் தலைவிரி கோலமாக இருக்கக் கூடாது. அதற்கும் சிஸ்டர் முறை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதலில் இரண்டு கையையும் விரித்து, ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும். பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார வேண்டும். எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித்தான் வைக்க வேண்டும். ஊசி, ரிப்பன் கிடையாது. கிழிந்த பேண்டேஜ் துணியால் முடிய வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. முகத்துக்கு முகம் பார்த்தால் பேசாதவள், முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவாள். இதை நான் ஆயிரம் தலையில் பார்த்தாயிற்று.

பெரிய டாக்டர் ஒரு பார்சிக்காரர். தமிழ் வீட்டு ஆட்கள் வந்தால் பேச்சை இந்தியில் மாற்றிச் சொல்ல என்னைக் கூப்பிடுவார். அங்கே ஆயாக்களை ‘பாயி’ என்றுதான் அழைப்பார்கள். “பாயி, அவர்கள் சொன்னதை மட்டும் சொல். கூட்டாதே, குறைக்காதே. நீ என்ன நினைக்கிறாய் என்பதை அப்புறம் நானே கேட்பேன்” என்றார். கேட்கவும் செய்வார். கேட்காமல் விட்டதே கிடையாது. அப்படி ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தவள் நான்.

கோமதி வந்தது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து. தாராவிப் பெண், தலைப்பிரசவம். கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மாமியார் மாடத்தியம்மாள், இடுப்பில் துணி சுற்றிய பெண் குழந்தை. இன்னொருவர் தாய்மாமா சுடலைமுத்து. தாய் இறந்தபின் கோமதியைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து வளர்த்துக் கட்டிக் கொடுத்தவர். தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. கையெல்லாம் ஆவாரம்பட்டைக் கறை.

“டாக்டரய்யாகிட்ட சொல்லு ஆயாம்மா” என்று மாடத்தி ஆரம்பித்தாள். “பிள்ளைக்குப் பால் குடுக்க மாட்டேங்கா. தொட மாட்டேங்கா. சுவத்தப் பாத்துக்கிட்டே கெடக்கா. எம்மவன் மில்லுல நின்னுட்டு வந்து, அவனே பிள்ளைக்குப் பாலைச் சங்குல ஊத்துதான்.”

டாக்டர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். குடும்பத்தில் முன்னால் யாருக்காவது இப்படி வந்ததா?

“எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் கிடையாதுங்க. சுத்தமான குடும்பம்” என்றார் சுடலைமுத்து.

சொன்னதைச் சொன்னேன். அவர்கள் போனதும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். “இப்போது சொல் பாயி. நீ என்ன நினைக்கிறாய்?”

“நான் கேள்வியை முடிக்குமுன்னே பதில் வந்துவிட்டது சாப்” என்றேன்.

கோமதியைச் சேர்த்துக்கொண்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். மாடத்தி தினமும் குழந்தையோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிடுவாள். எல்லோர் காதிலும் விழும்படி ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். “சித்திரை வரைக்கும் பாப்பேன். சரியாகலேன்னா ஊருக்கு ரயிலேத்தி விட்டுருவேன். பிள்ளை எங்க பிள்ளை, இங்கனயே வளரும். எம்மவனுக்கு என்ன வயசாயிட்டு?” அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். ஆனால் சொன்னதைச் செய்யக்கூடியவள். அதனால் எனக்கும் பயம்தான்.

மாத்திரையில் கோமதி தூங்கினாள், கொஞ்சம் சாப்பிட்டாள். குழந்தையின் சத்தம் வராந்தாவில் கேட்டால் மட்டும் தோள் இறுகும். எண்ணெய் வைக்கிற என் விரலுக்கு அது தெரியும்.

ஒருநாள் பின்னல் பாதியில் இருக்கும்போது பேசினாள். “யக்கா, பிள்ளையைக் கொண்டாந்தா எங்கிட்ட குடுத்துராதிய.”

நான் பின்னிக்கொண்டே இருந்தேன்.

“எங்கம்மா என்னைக் கிணத்துல போடப் போனவளாம். பைத்தியம் புடிச்சே செத்தாளாம். அவ ரத்தம்தான எனக்கும்? நானும் போட்டுருவேன்.”

சின்ன வயதில் தாராவிக் குழாயடியில் ஊர்க்காரப் பெண்கள் பேசியதை ஒட்டுக் கேட்டிருக்கிறாள். ஓடிப்போய் மாமாவிடம் கேட்டாளாம். “காலராவுல போயிட்டா, அம்புட்டுதான்” என்று சொல்லிவிட்டு மாமா தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாராம். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அந்தப் பாதிக் கதையை உள்ளேயே வைத்து வளர்ந்திருக்கிறாள். பிரசவம் முடிந்து குழந்தையைப் பக்கத்தில் கிடத்தியதும், அவள் பார்த்தது குழந்தையை இல்லை, கிணற்றை.

சிஸ்டரிடம் சொன்னேன், சிஸ்டர் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாமாவுக்கு மீதி தெரியும். அவர் வாயால் அவள் கேட்க வேண்டும். நீயோ நானோ சொன்னால் நம்பமாட்டாள்” என்றார்.

வேலை முடிந்து நேராகத் தோல் கம்பெனிக்குப் போனேன். அந்த வாடைக்கு மூக்கைப் பொத்தாமல் நின்ற ஒரே வெளியாள் நானாகத்தான் இருப்பேன். சுடலைமுத்து ஒரு தோலை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஆயாம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போயிருங்க. எம்மவளுக்கு மாப்பிள்ளை பேசுதோம். யாரு தெரியுமா மாப்பிள்ளை? மாடத்தி மதினியோட தம்பி மவன். இப்பப் போயி எங்கக்கா கதைய எடுத்தா, எம்புள்ளைய எவன் எடுப்பான்?”

“நான் உங்களைப் பேசச் சொல்ல வரலை அண்ணாச்சி. டாக்டர் கூப்பிட்டாரு, சொல்லிட்டேன். உங்க அக்கா பிள்ளையைக் கிணத்துல போடப் போனான்னு கோமதிக்குத் தெரியும். அதையும் சொல்லிட்டுப் போறேன்.”

தோலை விட்டுவிட்டார். “போடப் போனாளா? எவ சொன்னா?”

“குழாயடியில பேசிக்கிட்டாங்களாம்.”

அவர் முகம் கோணிப்போயிற்று. தோலை மறுபடி இழுக்க ஆரம்பித்தார். நானும் நிற்கவில்லை.

மறுநாள் வந்தார். டாக்டர் அறையில் கோமதியை உட்கார வைத்திருந்தோம். மாடத்தியை வெளியே இருக்கச் சொன்னால் கேட்பாளா? “எம்பேத்தி விசயம் பேசுத எடத்துல நானும் இருப்பேன்” என்று குழந்தையோடு வந்து சம்மணம் போட்டுவிட்டாள். சுடலைமுத்து அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். டாக்டர் சொல்லச் சொன்னதும் யாரையும் பார்க்காமல் மடமடவென்று ஆரம்பித்தார்.

“எங்கக்கா ஒரு பைத்தியம்…”

சாவிக்கொத்து நின்றது. என்னோடு இத்தனை காலம் இருந்ததில் சிஸ்டருக்கு அந்தத் தமிழ் வார்த்தை நன்றாகத் தெரியும். கதவைக் காட்டி, “பாஹர்” என்றார்கள்.

அவருக்குப் புரியவில்லை. “அண்ணாச்சி, அந்த வார்த்தையச் சொன்னா வெளிய போயிட்டுக் கதவத் தட்டிட்டு வரணும். டாக்டருக்கும் இங்க இதான் சட்டம்” என்றேன். மாடத்தி பொசுக்கென்று சிரித்துவிட்டாள்.

அவர் போனார். கதவில் மங்கலான கண்ணாடி. அதில் அவர் நிழல் தெரிந்தது. பிறகு நிழல் விலகிவிட்டது. வெளி வாசல் அந்தப் பக்கம்தான். போய்விட்டால் யார் பிடித்து இழுத்து வருவது? சிஸ்டர் அசையவில்லை. டாக்டரும் அசையவில்லை. அப்போது பார்த்தேன், வந்த நாளிலிருந்து சுவரையே பார்த்திருந்த கோமதி, தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

சுடலைமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நாற்காலி இருந்தது, அதில் உட்காராமல் கோமதியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். “எங்கக்காவுக்கு நோவு வந்துச்சு” என்று ஆரம்பித்தார்.

“நீ பொறந்து கொஞ்ச நாளுதான். நான் கிணத்துல மாட்டைக் கட்டி கமலை எறைச்சுக்கிட்டு நிக்கேன். அக்கா உன்னைத் தூக்கிட்டு வாரா, தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு. நான் வடத்தை விட்டுட்டு ஓடுதேன். கிணத்துக்கிட்ட அவ வரவே இல்லட்டி. தள்ளியே நின்னுட்டா. ‘ஏலே தம்பி, வாங்கிக்கோ. எங்கையி நான் சொன்னபடி கேக்க மாட்டேங்கு. இவள எங்கிட்ட குடுத்துராதிய’ன்னு சொல்லி, உன்னை இந்தக் கையிலதான் குடுத்தா. குடுத்த பெறவுதான் உக்காந்து அழுதா. போடப் போகலட்டி எங்கக்கா. குடுக்க வந்தா.”

கறை படிந்த அந்தக் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் டாக்டருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். என் குரல் மட்டும் நான் சொன்னபடி கேட்கவில்லை.

“பெறவு?” என்றாள் கோமதி.

“பெறவு என்ன? உனக்கு ஆட்டுப்பாலு. அவளை வீட்டுப் பொம்பளைய மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டாங்க. பொங்கலன்னைக்குத் தலை முழுகிட்டு வந்து, ‘எம்மவளைக் குடுலே’ன்னு கேக்கா. நான் பயந்துபோயி குடுக்க மாட்டேன்னேன். சண்டை போட்டு வாங்கிட்டுப் போனா! உனக்குப் பல்லு மொளைச்சதும் நீ நடந்ததும் அவ இடுப்புலதான். ஊருல காலரா வந்தப்பதான் போனா. காலராதான்ட்டி. அதுல நான் பொய் சொல்லல.”

டாக்டர் கோமதியிடம் பேசினார். அதை நான் தமிழில் சொன்னேன். என் வாழ்நாளில் என் வாயிலிருந்து வந்த நல்ல பேச்சு அதுதான், சொன்னது அவர் என்றாலும். “உன் அம்மா உன்னைக் காப்பாற்றத்தான் அடுத்தவர் கையில் கொடுத்தாள். நீயும் உன் மகளுக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய். உன் அம்மாவுக்கு மாத்திரை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை; அவளே குணமாகித் திரும்பக் கேட்டு வாங்கினாள். உனக்கு நாங்களும் இருக்கிறோம்.”

கோமதி அழுதாள். சுவரைப் பார்க்கிறவள் அழுதால் அது நல்லது என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார்கள். அழுது முடித்துவிட்டு, “எங்கம்மா மாதிரி நானே கேப்பேன். கேக்கும்போது குடுங்க” என்றாள்.

சுடலைமுத்து மாடத்தி பக்கம் திரும்பினார். “கேட்டுட்டிய மதினி. இனி உங்க இஷ்டம்.”

மகள் கல்யாணம் போயிற்று என்றுதான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாடத்தி குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

“என்னத்த இஷ்டம்? எனக்கு ரெண்டாவது பிள்ளை பொறந்து, அடுப்பு முன்னாடி உக்காந்து தீயவே பாத்துக்கிட்டு இருப்பேன். எம்மாமியாக்காரி வாரியலக் கொண்டு அடிச்சா. அதை நான் யாருகிட்டயாவது சொன்னேனா? நீங்க சொன்னியளா அண்ணாச்சி? எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு இந்தப் புள்ளையத் தனியா விட்டுட்டோம்.” மூக்கைச் சிந்தினாள். “எந்தம்பிகிட்ட நானே சொல்லுதேன். அவன் என்னத்தப் பேசுவான்? அவன் பொண்டாட்டி வீட்டுக் கதைய நான் எடுத்தேன்னா, உங்க தோலு கம்பெனி வாடை தேவலன்னு ஆயிரும்!”

இதையும் மாற்றிச் சொன்னேன், ஒரு சொல் விடாமல். பெரிய டாக்டர் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் சாவிக்கொத்து குலுங்கியது.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மாத்திரை ஓடியது. சுடலைமுத்து வாராவாரம் வந்து அக்கா பாடியது, சமைத்தது, சண்டை போட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அடைத்து வைத்த மனுஷன். திறந்தபின் நிறுத்த முடியவில்லை. கோமதி கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வராந்தாவில் குழந்தை அழுதால் தோள் இறுகுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் காலை நான் பேண்டேஜ் துணியால் முடிந்துகொண்டிருக்கும்போது சொன்னாள். “யக்கா, அத்தையை வரச் சொல்லுதியளா? எம்மவளைக் கேக்கணும்.”

நான் ஓடினேன். இந்த உடம்பு ஓடியது! வாங்கினாள், மடியில் போட்டாள், முகத்தைப் பார்த்தாள். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையைத் திரும்ப வாங்கக் கை நீட்டத் தேவைப்படவில்லை. சித்திரை பிறக்குமுன் வீட்டுக்குப் போனார்கள். ரயிலில் இல்லை, டாக்சியில், மாடத்தி செலவில்.

அதற்குப் பிறகு பெரிய டாக்டர் தன் கேள்வியோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டார். குடும்பத்தில் யாருக்காவது வந்ததா என்று கேட்டுவிட்டு, வந்து குணமானவர் யார், அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார். முதல் கேள்விக்கு இல்லை என்று தலையாட்டிய வீடுகள் இரண்டாவதுக்கு வாய் திறந்தன. சித்தப்பா வருவார், நாத்தனார் வருவாள். ஒரு வீட்டில், பேசாமல் மூலையில் நின்ற தகப்பனாரே “நான்தான்” என்று கையைத் தூக்கினார். அவர் மகன் அப்பாவைப் பார்த்த பார்வையை மாத்திரையால் கொண்டுவர முடியாது. நான் ஓய்வு பெற்ற அன்றைக்கும் அந்த இரண்டாவது கேள்வியை வார்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழில் அதை முதலில் கேட்ட வாய் இது.

குழந்தைக்குப் பெயர் வைக்க என்னையும் அழைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தலைப்பெண் என்றால் அப்பாவைப் பெற்றவள் பெயர்தான் வைக்க வேண்டும். மாடத்தி என்று வைத்திருக்க வேண்டும். அவளே எழுந்து, “எம்பேரை வச்சா இவ பிள்ளையைக் கூப்பிட முடியுமா? மாமியா பேரை மருமக சொல்லலாமா? இவ அம்மா பேரை, ஆவுடைன்னு வைங்க. எம்பேரு அடுத்ததுக்குக் கெடக்கட்டும்” என்றாள். அத்தனை வருஷம் அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயரை எல்லோரும் மாற்றி மாற்றிக் குழந்தையின் காதில் சொன்னார்கள். சுடலைமுத்து மகள் கல்யாணமும் பேசியபடி நடந்தது.

அந்த ஆவுடைக்கு வளைகாப்பு நடந்தபோது மாடத்தி கூன் விழுந்த கிழவி. அந்த வீட்டில் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. வளையல் போடுமுன், வயிற்றுப் பிள்ளைக்காரியை நடுவில் உட்கார வைத்து, கிணற்றடிக் கதையைச் சொல்ல வேண்டும். நோவு வந்தால் கையில் வாங்கிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். பிறகுதான் முதல் வளையல். கதையைச் சொன்னது மாடத்தி. “நான் அங்கன குடத்தோட நிக்கேன். ஆவுடை வாரா…” என்று ஆரம்பித்தாள். வெயில் அடித்தது, மாடு மிரண்டது, தானே ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கிச் சுடலைமுத்து கையில் கொடுத்தது, எல்லாம் சொன்னாள். அந்த ஊரை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கோமதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சொன்னதை மட்டும் சொல், கூட்டாதே என்று டாக்டரிடம் பழகியவள் நான். என் நாக்கு துடித்தது. ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, இந்தியில் கிசுகிசுப்பவர்கள். “ஃபிர் கியா ஹுவா, பாட்டி? அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டபடி கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவரும் தானே அந்தக் குழந்தையை வாங்கப் போகிறதுபோல.

நான் திருத்தவில்லை. அந்தக் குடும்பத்தில் இன்றைக்கு, அந்தக் கிணற்றடியில் நிற்காதவர் என்று ஒருவருமே கிடையாது.